கலெக்டர் திறக்க வேண்டிய பெட்டிகள்

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் பாதையில், சாலைகள் கூடும் இடத்தில் ஒரு கூட்ரோடு உண்டு. அங்கே இறங்கி, "ஆஸ்பத்திரி வாச்மேன் வேதகிரி வீடு எது?" என்று கேட்டால் டீக்கடைக்காரர் வழியை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். "பாவங்க அந்த மனுசன்" என்று ஆரம்பித்து, பெற்ற மகளுக்காக ஆறு மைல் சைக்கிள் மிதித்துச் சாவி வாங்கப் போன கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளாஸைக் கழுவப் போவார். அந்தக் கதை ஊருக்கே மனப்பாடம். அதில் ஒரு வரி பொய். எந்த வரி என்று வேதகிரிக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது வருஷம் அவர் வாயைத் திறக்கவில்லை.

வேதகிரி ஆள் ஒல்லி. காக்கிச் சட்டையை மூன்று நாளைக்கு ஒரு தடவை அவரே துவைத்து, பித்தளைச் செம்பில் நெருப்புத் துண்டு போட்டுத் தேய்த்துக்கொள்வார். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பதுதான் பதில். வேண்டாம் என்ற சொல்லை அந்த வாய் சொல்லி யாரும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதரை வாச்மேனாக வைத்தார்களே என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டால் போதும், சாமியே வந்து கேட்டாலும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னே அவர் ஒரு நெல் கிடங்கில் காவல் இருந்தார். கிடங்குக் கதவில் பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி வைப்பார்கள். ஒரு சித்திரை மாதம், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அரக்கு கீழே கிடந்தது. அவரே ஓடிப்போய் ஆபீசில் சொன்னார். சொன்னவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் இரண்டு அறை விழுந்தது. மூன்று நாள் கழித்து மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. அனல் வெயிலில் அரக்கு இளகித் தானாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். போகலாம் என்று விட்டுவிட்டார்கள். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. இடது காதில் அன்றிலிருந்து ஒரு இரைச்சல்.

பிறகு எழுபத்து நாலில் கூட்ரோட்டு ஆஸ்பத்திரியில் வாச்மேன் வேலை கிடைத்தது. ஓடு போட்ட நாலு அறைக் கட்டடம். கட்டியவர் பஞ்சாட்சரம், உத்திரமேரூரில் அரிசி மில் வைத்திருப்பவர். அவருடைய தங்கை பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் காஞ்சிபுரம் போகிற வழியிலேயே இறந்துபோனாள். அந்தத் துக்கத்தில், நாலு பேரைச் சேர்த்து ஒரு டிரஸ்ட் வைத்துக் கட்டினார். எல்லோரும் அவரைத் தலைவர் என்பார்கள். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்திலிருந்து டாக்டர் வருவார். மற்ற ஐந்து நாளும் நர்ஸ் மேரி ஒருத்திதான் எல்லாம்.

எழுபத்தெட்டு வைகாசியில் நாலு மரப்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. சீமையிலே ஏதோ ஒரு ஊர்ப் பெண்கள் சங்கம் அனுப்பியது. எங்கள் பக்கத்தில் கடல் தாண்டினால் எல்லாமே சீமைதான், நாட்டுக்கு நாடு பேர் வைத்துக் குழப்பிக்கொள்வதில்லை. அந்தப் பெண்கள் எங்கேயோ குளிரில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத நம் கர்ப்பிணிகளுக்காகப் பழைய ஆஸ்பத்திரிச் சாமான்களைச் சேகரித்து, பழுது பார்த்து, துடைத்து, வைக்கோல் அடைத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தை மேரி விரல் வைத்துப் படித்தாள். பிரசவ மேஜை, குழந்தை எடை போடும் தராசு, ரப்பர் ஷீட்டு, பஞ்சு, துணி. கடைசிப் பெட்டியைப் படித்தபோது அவள் குரலே மாறிவிட்டது.

"அண்ணா, இது காலால மிதிக்கிற மிஷினு. கரண்ட் வேணாம். பொறந்த கொழந்த தொண்டையில சளி அடச்சிக்கினா இத வச்சி உறிஞ்சிடலாம். போன வருசம் இது இருந்திருந்தா ரெண்டு கொழந்த நமக்குத் தங்கியிருக்கும்."

பெட்டியை அன்றைக்கே உடைத்திருக்கலாம். ஆனால் நம்மவர்களுக்கு எதையும் சும்மா ஆரம்பிக்கத் தெரியாது. தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கும் ஒரு ரிப்பன் வேண்டும், அதை வெட்ட ஒரு பெரிய மனுஷர் வேண்டும். சீமைப் பெண்கள் கடிதத்தில், முடிந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். தலைவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா ஒரு போட்டோ அனுப்புனா நல்லாவா இருக்கும்? கலெக்டர் கையால தொறக்கணும். அத அவங்க பாத்தா அடுத்த வருசமும் அனுப்புவாங்க."

பெட்டிகளைக் கடைசி அறையில் வைத்துப் பூட்டினார். விழா வரைக்கும் ஒரு ஆணிகூடக் குறையக்கூடாது என்று, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்தார். சாவியை வேதகிரியிடம் கொடுத்தார். அரக்கு வாசனை பட்டதுமே வேதகிரிக்குக் காதில் இரைச்சல் கூடியது. "சரிங்க" என்று சாவியை அரணாக்கயிற்றில் முடிந்துகொண்டார்.

ஆனியில் தேதி குறித்தார்கள், கலெக்டருக்கு வேறு வேலை வந்துவிட்டது. அடுத்தது ஆடி. ஆடியில் யார் நல்ல காரியம் செய்வார்கள்? ஆவணியில் பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, கலெக்டரையே மாற்றிவிட்டார்கள். புதுக் கலெக்டர் வந்து காலூன்றட்டும் என்று காத்திருந்தார்கள். மேரி இரண்டு தடவை தலைவரிடம் கேட்டாள். "இன்னும் பத்து நாளும்மா" என்றார். பத்து நாள் பத்து நாளாகப் புரட்டாசி வந்துவிட்டது. பெட்டிகள் உள்ளே பத்திரமாக இருந்தன. அப்படி ஒரு பத்திரம்.

வேதகிரிக்கு ஒரே மகள் பவளம். செங்கல்பட்டில் பஸ் டெப்போவில் வேலை செய்யும் சேட்டுவுக்குக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறைதான். ஆனாலும் சேட்டுவின் அம்மா கங்கம்மாளுக்கு மனசில்லை. "எங்க ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி கீது, டாக்டருங்க கீறாங்க. அந்தப் பட்டிக்காட்டுல இன்னா கீது?" என்று வளைகாப்பு அன்றே கேட்டாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக வேதகிரி எதிர்த்துப் பேசினார். "சீமையிலேர்ந்து மிஷினே வந்து எறங்கிக்கீது சம்மந்தி. செங்கல்பட்டுலகூட அது இல்லயாம். நான் பாத்துக்குறேன்."

பெருமையாகத்தான் சொன்னார். மகளை அழைத்து வந்தபோது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார்.

புரட்டாசி கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. டாக்டர் வராத நாள். பவளத்துக்கு வலி எடுத்து, அம்மா ராணியம்மாள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. மேரி வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, தண்ணி பச்சையா வருது. கொழந்த உள்ளயே ஆயி போயிடுச்சி. அத முழுங்கி வச்சிருந்தா பொறந்ததும் மூச்சி அடைக்கும். அந்தக் கால்மிஷின் பெட்டிய ஒடச்சி எடுத்தாங்க, சீக்கிரம்."

வேதகிரி ஓடினார். கதவு முன்னால் போய் நின்றார். அரணாக்கயிற்றைத் தடவிச் சாவியை எடுத்தார். எதிரே சிவப்பாக அரக்கு. நடுவில் தலைவர் மோதிரத்தின் எழுத்து. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு வயது மனிதர், பேரப்பிள்ளை பிறக்கப்போகிற நேரம், நின்றுகொண்டே இருந்தார். அந்த இரண்டு அறையும் அவர் கன்னத்தில் அப்போதுதான் விழுவது போல இருந்தது.

மேரி பிரசவ அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? தொறங்கண்ணா!"

"சீலு கீதும்மா."

"சீல ஒடைங்க! சாவி உங்களாண்டதானே கீது?"

"தலைவராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துட்றேம்மா. தலப்பிரசவம்தானே, நேரம் புடிக்கும். தோ, போனதும் வந்துடுவேன்."

சைக்கிளை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து மேரி தொண்டை கிழியக் கத்தினாள். "சாவியயாவது குடுத்துட்டுப் போங்கண்ணா!"

அது அவர் காதில் விழுந்தது. வலது காது நன்றாகவே கேட்கும். யார் உடைத்தாலும் வாச்மேனைத்தானே பிடிப்பார்கள் என்று ஒரு நினைப்பு. திரும்பாமல் மிதித்தார்.

ஆறு மைல். எதிர்க்காற்று வேறு. தலைவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பூஜையில் இருந்தார். உள்ளே மணிச் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பூஜை முடியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கைகட்டி நின்றார். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால், கதையைச் சொல்லும் எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. மறுபடி நினைத்தால் அழுகை வருகிறது.

தலைவர் விபூதியோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! இதக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்த? ஒடைக்க வேண்டியதுதானே! வண்டியில ஏறு!"

அவருடைய காரில்தான் திரும்பினார்கள். ஆஸ்பத்திரிக் கதவருகே அரக்கு துண்டு துண்டாகத் தரையில் சிதறிக் கிடந்தது. ராணியம்மாள் ஒரு கருங்கல்லை எடுத்து வந்து அடித்திருக்கிறாள். முத்திரை உடைந்துவிட்டது. அது உடைந்ததால் எதுவும் நடந்துவிடவில்லை, யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. இரும்புப் பூட்டு மட்டும் அசையவில்லை. அவள் கையெல்லாம் ரத்தம்.

ஆண் குழந்தை. மேரி ஒரு ரப்பர் குழாயைத் தொண்டையில் விட்டு, தன் வாயை வைத்தே உறிஞ்சித் துப்பியிருக்கிறாள். இரண்டு தடவை மூச்சு வந்ததாம். அப்புறம் வரவில்லை. மேரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "மிஷின் இருந்தா பொழச்சிருக்குமா?" என்று தலைவர் கேட்டார். "சொல்ல முடியாதுங்க. இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து சேட்டுவும் கங்கம்மாளும் வந்தார்கள். வேதகிரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கங்கம்மாள் வாசலில் இறங்கியதிலிருந்து கத்திக்கொண்டே உள்ளே போனாள். அவள் வந்து தன் முகத்தில் துப்புவாள், துப்பட்டும் என்று காத்திருந்தார். அவள் வெளியே வந்தபோது குரல் அடங்கியிருந்தது. நேரே அவரிடம் வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சம்மந்தி. அந்தப் பெரிய மனுசன் சாவிய வூட்டுல வச்சிக்கினா, நீங்க ஓடித்தானே ஆவணும்."

வேதகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. இல்லை என்று அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வேதகிரியும் இல்லை என்று சொல்லவில்லை. சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

இப்படித்தான் அந்தப் பொய் ஊருக்குள் போனது. மேரி சிஸ்டர்தான் இரக்கப்பட்டு ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கத் துணிச்சல் இல்லை. அடுத்த வருஷமே அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

தை மாதம் திறப்பு விழா நடந்தது. பந்தல், வாழைமரம், மைக்செட்டு எல்லாம் உண்டு. விழாவை நிறுத்த நினைத்தார் தலைவர், டிரஸ்டில் மற்றவர்கள் விடவில்லை. வேதகிரி தேய்த்த காக்கிச் சட்டையில் கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கலெக்டர் ரிப்பனை வெட்டினார். பெட்டிகளைத் திறந்து சாமான்களை மேஜையில் பரப்பியிருந்தார்கள். "இது என்ன?" என்று கால்மிஷினைக் காட்டிக் கேட்டார். மேரி ஒரு சொம்புத் தண்ணீரில் குழாயை விட்டு நாலு மிதி மிதித்தாள். கொடகொடவென்று தண்ணீர் முழுக்கப் பாட்டிலுக்குள் ஏறிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு கையில் இருந்ததால் வேதகிரி தட்டவில்லை. மேரியும் தட்டவில்லை. அந்த நேரத்தில் எடுத்த போட்டோதான் சீமைக்குப் போனது. அந்தப் பெண்கள் ரொம்பச் சந்தோஷப்பட்டுப் பதில் எழுதியிருந்தார்கள்.

பிறகு எந்தப் பெண் வலியோடு வந்தாலும், யாரும் சொல்வதற்கு முன்னால் வேதகிரி அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரசவ அறைக்குள் வைத்துவிடுவார். பாட்டிலை வெந்நீரில் கழுவித் துடைப்பார். குழந்தை அழும் சத்தம் கேட்கும் வரைக்கும் வாசலை விட்டு நகர மாட்டார். மிஷின் இருக்கும் கடைசி அறைக்குப் பூட்டே போடுவதில்லை. ராணியம்மாள் சோறு போடுவாள், துணி துவைத்துக் கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். தானாக ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை. எண்பத்து மூன்றில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பவளத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பெண்கள், இரண்டும் செங்கல்பட்டில் பிறந்தன. வேதகிரி வருஷத்துக்கு மூன்று நாலு தடவை போவார். போகும்போதெல்லாம் கங்கம்மாள் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு உட்காரவைப்பாள். வந்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவாள். "ஆறு மைலு மிதிச்சாரு இந்த மனுசன். அந்தப் பெரிய மனுசன் சாவிய இவராண்ட குடுத்து வச்சிருந்தா இன்னிக்கி எம்பேரன் பள்ளிக்கூடம் போய்க்கினு இருப்பான்." வேதகிரி தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எண்பத்தேழில் மூத்த பேத்திக்குக் காது குத்தினார்கள். அன்றைக்கும் கதை ஓடியது. இந்தத் தடவை கங்கம்மாள் ஒரு படி மேலே போய், பேத்திகளைக் கூப்பிட்டு, "தாத்தா கால்ல வுழுங்கடி, உங்க அண்ணனுக்காக உசுரக் குடுத்து ஓடினவரு" என்றாள். இரண்டு குழந்தைகளும் காலில் விழுந்தன. வேதகிரியால் தாங்க முடியவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனார். பவளம் கிணற்றடியில் தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பவளம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி சாவி தலைவர்கிட்ட இல்லமா. எங்கிட்டதான் இருந்திச்சி. இடுப்புல. மேரிம்மா கேட்டாங்க. சாவியயாவது குடுத்துட்டுப் போன்னு கத்துனாங்க. கேட்டுச்சி. கேட்டுக்கினுதான் போனேன்."

பவளம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் நைனா. பிரசவ ரூம் வாசல்ல துணி ஒண்ணுதானே கட்டியிருந்தாங்க. வலியில இருந்தேனே கண்டி, காது அடச்சா போச்சி? நீ பேசினது, அவங்க கத்தினது, உன் சைக்கிள் போன சத்தம், அல்லாம் கேட்டுச்சி."

"அப்ப உங்க அத்த வந்து அப்பிடிச் சொன்னாங்களே. மேரிம்மாதான் அவங்களுக்கு..."

"மேரிம்மா வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன். அத்த கத்திக்கினு உள்ள வந்தாங்க. புள்ள எம்பக்கத்துலதான் கெடந்தான், துணி சுத்தி. நெஜத்தச் சொல்லியிருந்தா இந்த வூட்டுப் படிய உன்ன மிதிக்க வுடுவாங்களா? எனக்குப் பொறந்த வூடே இல்லாம போயிருக்கும். புள்ளயும் இல்ல, அப்பனும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்? அதான் சாவி தலைவர் வூட்டுலன்னு சொல்லிட்டேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பெற்று அரை நாள்கூட ஆகாத உடம்பு, பக்கத்தில் பிணம். அதோடு தன் மகள் தனக்காக யோசித்திருக்கிறாள். அவளுக்காக இவர் ஒரு பூட்டைத் திறக்கவில்லை. வாய்விட்டு அழுதார். முன்கட்டில் கேட்டுவிடுமே என்ற பயம்கூட முதல் தடவையாக அவருக்கு இல்லை.

"என்ன மன்னிச்சிட்டியாமா?"

பவளம் கையைக் கழுவினாள். எழுந்து, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அத மட்டும் கேக்காத நைனா. ஒம்போது வருசமா நானும் பாத்துக்கினுதான் கீறேன். அது வரல. ஆனா நீ வந்து போய்க்கினு இரு. வராம மட்டும் இருந்துடாத."

தேய்த்த பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, பந்தி போட்டாயிற்று, சம்பந்தி எங்கே என்று கங்கம்மாள் தேடும் குரல் கேட்டது. வேதகிரி முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.